பின்பக்கம் மட்டும் உயர்த்தின வண்டி

நான் கெட்டிக்காரன் இல்லை. இதை முதலே சொல்லிப்போடுறன். ஏனெண்டால் இந்தக் கதையைக் கேக்கிற ஆக்கள் எல்லாரும் பாதியிலை மறிச்சு, "உன்ரை மூளை எங்கை போனது?" எண்டு கேக்கிறவை. எங்கையும் போகேல்லை. இருந்ததே அவ்வளவுதான். பள்ளிக்கூடத்தைப் பாதியிலை விட்டிட்டு ரயர் பக்டரிக்குப் போனவன் நான். வண்டியைப் பற்றி எனக்கு எல்லாம் தெரியும் எண்டு நினைச்சுக்கொண்டிருந்தன். எனக்குத் தெரிஞ்சது ரயர் வட்டமா இருக்கும் எண்டது மட்டுந்தான்.

அப்பா ஆயிரத்துத் தொளாயிரத்து எழுபதுகளின்ரை நடுவிலை செத்தவர். வேலைக்கு வெளிக்கிட்டு, சப்பாத்துப் போடக் குனிஞ்சவர், நிமிரேல்லை. எனக்கு அப்ப இருபது. அழத் தெரியாமல் நிண்டன். அக்கா அழுதா, அம்மா அழுதா, நான் எழும்பிப் போய் அப்பான்ரை வண்டியைக் கழுவினன். (ஏன் கழுவினனான் எண்டு இப்பவும் எனக்குத் தெரியாது. ஊத்தையே இல்லை.)

வண்டி எண்டால் யூட். முன்னுக்கு மூண்டு பேர் இருக்கலாம், பின்னுக்குச் சாமான் ஏத்திற திறந்த பெட்டி. அப்பா அதிலை கல்லு, மண், சீமெந்து, உருளைக்கிழங்கு மூட்டை, மெல்பேணிலை எங்கடை பூட்ஸ்கிறே வீட்டுக்கு வேண்டின அவ்வளவும் ஏத்தினவர். ஏத்தி ஏத்தி, வில்லு மாதிரி வளைஞ்சு நிக்கவேண்டிய ஸ்பிரிங் பட்டையள் எல்லாம் தட்டையாப் போச்சுது. வண்டி குந்தி இருக்கிற நாய் மாதிரிப் பின்பக்கம் பதிஞ்சுதான் நிக்கும்.

அந்த வண்டியிலைதான் அப்பாவும் நானும் ஞாயிற்றுக்கிழமையிலை வெறிபி எண்ட ஊரைத் தாண்டி மீன் பிடிக்கப் போறது. முட்டைக்கோவா, கோலிபிளவர்த் தோட்டங்களுக்குப் பின்னாலை ஒரு மண் பாதை கடலுக்கு இறங்குது. நடுவிலை ஒரு மணல் மேடு. ஒவ்வொருமுறையும் வண்டியின்ரை சைலன்சர் அந்த மேட்டிலை தட்டி நிக்கும். அப்பா ஸ்ரியறிங்கிலை இருப்பார், நான் இறங்கித் தள்ளுவன். "தள்ளடா மடையா!" எண்டு கத்துவார். என்னை அவர் பேர் சொல்லிக் கூப்பிட்டது குறைவு. ஸ்பனர் விழுந்தாலும் மடையா, மீன் தப்பினாலும் மடையா, சம்பளக் காசைக் கொண்டுவந்து குடுத்தாலும் "வைச்சுக்கொள்ளடா மடையா."

முப்பத்தோராம் நாள் சாம்பலைக் கடலிலை கரைக்கவேணும். அந்த நேரம் மெல்பேணிலை கோயில் இல்லை, ஐயரும் இல்லை. சிவபாதம் அங்கிள்தான் எங்களுக்கு ஐயர், ஓதுவார், பஞ்சாங்கம் எல்லாம். மற்ற நாளிலை தபால் கந்தோரிலை வேலை. மிச்சம் மென்மையான மனிசன். கோவம் வந்தால் கண்ணை மூடித் தேவாரம் சொல்லுவார். ஆரையும் "டேய்" எண்டு கூடச் சொல்லமாட்டார், எல்லாரும் அவருக்குத் தம்பியும் தங்கச்சியுந்தான்.

எங்கை கரைக்கிறது எண்டு கேட்டதுக்கு அம்மா யோசிக்கவே இல்லை.

"அவர் மீன் பிடிக்கிற இடத்திலை. அவற்ற வண்டியிலைதான் போகவேணும். வழியிலை எங்கையும் தட்டி நிக்கப்படாது. போற மனிசனைத் தள்ளிக்கொண்டு திரியாதேங்கோ."

கடைசி வசனம் என்னைப் பாத்துச் சொன்னது. அண்டைக்கே முடிவெடுத்தன், வண்டியை உயர்த்துறதெண்டு.

முதல்லை சன்சைன் எண்ட இடத்திலை ஒரு ஸ்பிரிங் கடைக்குப் போனன். மோல்ராத் தீவுக்காரர் ஒருத்தர், குனிஞ்சு பாத்திட்டு நெற்றியைச் சுருக்கினார். ஸ்பிரிங் நாலையும் கழட்டி, பின்பக்கப் பட்டையளைத் திரும்ப வளைச்சு, மேலதிகமா ஒரு பட்டை வைச்சு, முன்பக்கச் சுருளையும் மாத்தவேணுமாம். விலையைச் சொன்னார். ஏதோ பகிடி எண்டு நினைச்சுச் சிரிச்சன். அவர் சிரிக்கேல்லை.

"அதிலும் மலிவா ஏதும் இருக்கோ?"

அச்சுக்கும் ஸ்பிரிங்குக்கும் இடையிலை இரும்புக் கட்டை வைச்சு உயர்த்தலாமாம். அதுவும் பரவாயில்லை, ஆனால் முன்பக்கத்தையும் சேத்து உயர்த்தவேணுமாம்.

"பின்பக்கந்தானே தட்டுது. பிறகேன் முன்பக்கம்?" எண்டு கேட்டன்.

அந்த மனிசன் கையைத் துடைச்சார். பிறகு சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து சாப்பிடத் தொடங்கினார். எனக்கு விசயம் பிடிபட்டிட்டுது எண்டு நினைச்சன்: தேவையில்லாத வேலை சொல்லிக் காசு பறிக்கப் பாக்கிறான்.

அடுத்தது பழைய வண்டி உடைக்கிற யாட். அங்கை வெள்ளைக்காரக் கிழவர் ஒருத்தர், வாயிலை சிகரெட், பக்கத்திலை மூண்டு காலிலை நிக்கிற நாய். என்ரை பிரச்சினையைச் சொன்னன். எழும்பிப் போய் ரெண்டு சோடி ஷக்கிள் கொண்டுவந்தார். ஸ்பிரிங்கின்ரை பின் நுனியை வண்டிச் சட்டத்தோடை கொழுவி வைக்கிற இரும்புத் துண்டுதான் ஷக்கிள். அது நீளமெண்டால் பின்பக்கம் உயரும். அப்பான்ரை வண்டியிலை கிடந்தது உள்ளங்கை அளவும் வராது. அவர் காட்டினதிலை ஒரு சோடி கொஞ்சம் நீளம், மற்றது ஒரு சாண். ரெண்டும் ஒரே விலை, ஒரு நேரச் சாப்பாட்டுக் காசு.

ஒரே விலைக்குச் சின்னனை ஆராவது வாங்குவானோ? நீளமானதை எடுத்தன்.

"உனக்கு உது நல்லா உயரும், கூட்டாளி" எண்டு கிழவர் இங்கிலீசிலை சொன்னார். உண்மையைத்தான் சொன்னவர்.

கராஜிலை வைச்சுப் பூட்டினன். சாம்பல் வீட்டுக்குள்ளை இருக்கப்படாது எண்டு அங்கிள் சொன்னதாலை அப்பாவும் கராஜிலைதான், பெயின்ற் ரின்னுகளுக்குப் பக்கத்திலை, தட்டிலை. நான் வண்டிக்குக் கீழை கிடந்து ஆணி முறுக்க அவர் மேலை இருந்து பாத்துக்கொண்டிருந்தார். உயிரோடை இருந்தால் ஸ்பனரைப் பறிச்சிருப்பார். ஒருக்கால் ஸ்பனர் கைதவறி மூஞ்சையிலை விழுந்துது. நான் கொஞ்சம் பொறுத்துப் பாத்தன். ஒருத்தரும் மடையா எண்டு சொல்லேல்லை. அண்டைக்குத்தான், அந்த ஒயிலுக்குள்ளை கிடந்து, முதல்முதலா அழுதன்.

வண்டியைத் தூக்கி வைச்சிருந்த யக்கை இறக்கி வெளியிலை ஓட்டிக்கொண்டு வந்தன். அக்கா படியிலை நிண்டு பாத்தா.

"டேய், வண்டி எதையோ மோந்து பாக்குது."

பின்பக்கம் வானத்திலை. முன்பக்கம் நிலத்திலை. உள்ளுக்கு ஏறி இருந்தால் மெல்ல மெல்ல முன்கண்ணாடிப் பக்கம் வழுக்குது. பின்னாலை என்ன வருது எண்டு பாக்கிற கண்ணாடியிலை றோட்டே இல்லை, மேகந்தான். லைற்றைப் போட்டால் சொந்தப் பம்பருக்கு மட்டும் நல்ல வெளிச்சம்.

"எப்பிடியம்மா?" எண்டு கேட்டன்.

அம்மா வண்டியைச் சுத்தி வந்து பாத்தா. "அப்பாவுக்குத் தலை குனிஞ்சு நிக்குது. நல்லாத்தான் கிடக்கு."

இதுக்கு மேலை ஆர் என்ன சொல்லேலும்?

முப்பத்தோராம் நாள் காலமை வெளிக்கிட்டம். முன்னுக்கு நான், சாம்பலை மடியிலை வைச்சுக்கொண்டு அம்மா, கதவோடை அக்கா. பின்பெட்டியிலை அங்கிள், வேட்டியோடை, ஒரு சாக்கிலை குந்தி. வீட்டிலை சமையல் நடக்குது. தெரிஞ்ச சனமெல்லாம் வந்திருக்கு. நாங்கள் திரும்பி வந்து, அங்கிள் படைச்சுத் தேவாரம் பாடினால்தான் ஒருத்தர் எண்டாலும் வாயிலை வைக்கலாம்.

மணல் மேடு வந்துது. நான் மூச்சைப் பிடிச்சுக்கொண்டு அழுத்தினன். சைலன்சர் தட்டேல்லை! என்ரை ஷக்கிள் வேலை செய்யுது! ஆனால் முன் பம்பர் மேட்டுக்குள்ளை இறங்கிக் கலப்பை மாதிரி உழுதுகொண்டு போச்சுது. ரெண்டு பக்கமும் மணல் பறக்குது. அங்கிள் பின்னாலை "சிவ சிவா" எண்டுறார். எப்பிடியோ மற்றப் பக்கம் வந்து சேந்தம்.

"தட்டேல்லைத்தானே?" எண்டு அம்மாவைக் கேட்டன்.

"இல்லை" எண்டா. கண்ணுக்குள்ளை மண்.

அங்கிள் சேட்டையும் சப்பாத்தையும் கழட்டிப் பின்பெட்டியிலை வைச்சிட்டுக் கூட வர, கடலிலை இறங்கிக் கரைச்சன். அதைப் பற்றி எழுத எனக்கு ஏலாது. தண்ணி குளிர். கை காலியாப் போச்சுது, அவ்வளவுதான்.

கரைக்கு வந்தாப் பிறகு அங்கிள் எங்களை நிப்பாட்டிச் சொன்னார்: "இனி ஒருத்தரும் திரும்பிப் பாக்கப்படாது. பின்னாலை ஆர் கூப்பிட்டாலும் நிக்கப்படாது. நாங்கள் திரும்பினால் அந்த ஆத்துமா போக மனமில்லாமல் நிண்டிடும். விளங்கிச்சோ தம்பி?"

"ஓம் அங்கிள்."

"என்ன வந்தாலும்."

"ஓம் அங்கிள்."

திரும்பி வரேக்கை மேட்டிலை ஏறவேணும். நான் உழுத மணல் இளகிப்போய்க் கிடக்குது. பின்சில்லு ரெண்டும் சுத்துது, வண்டி அசையுதில்லை. "பிடிச்சுக்கொள்ளுங்கோ அங்கிள்!" எண்டு கத்திப்போட்டு முன்னும் பின்னுமா ஆட்டினன். திடீரெண்டு ஆரோ பிடரியிலை தள்ளினமாதிரி வண்டி பாஞ்சு மேட்டைத் தாண்டிச்சுது.

அப்பதான் அந்தச் சத்தம் கேட்டுது. பின்னுக்கு, தூரத்திலை, கடல் பக்கமிருந்து.

"நில்லடா! டேய் மடையா! நில்லடா!"

அக்கா அம்மான்ரை கையைப் பிடிச்சா.

"காத்து" எண்டா அக்கா. அவ ஆஸ்பத்திரியிலை வேலை, உதுகளை நம்பமாட்டா.

"காத்து மடையா எண்டு சொல்லுமோ?" எண்டா அம்மா.

திரும்பவும் கேட்டுது. "மடையா!"

அங்கிளா இருக்குமோ எண்டு எங்கள் மூண்டு பேருக்கும் தோணவே இல்லை. அங்கிள் பின்பெட்டியிலை இருக்கிறார். அதோடை அங்கிள் அப்பிடிக் கதைக்கிற ஆளும் இல்லை. உலகத்திலை என்னை மடையா எண்டு கூப்பிட ஒரே ஒராள்தான். கண்ணாடியைப் பாத்தன். மேகம்.

காலை பிறேக்கிலை வைச்சிட்டன். அம்மா என்ரை முழங்காலிலை அடிச்சா.

"நிப்பாட்டாதை. ஓட்டு. நீ நிண்டால் அவர் போகமாட்டார்."

"அம்மா..."

"ஓட்டடா ராசா."

ஓட்டினன். மூண்டு பேரும் அழுதுகொண்டு, ஒருத்தரும் திரும்பிப் பாக்காமல், வீடு மட்டும் ஓட்டினன்.

வீட்டிலை சனம் வாசலுக்கு வந்துது. பின்பெட்டிக் கதவைத் திறந்தன். மடிச்ச சேட்டு. சப்பாத்து ஒரு சோடி, அதுக்குள்ளை சுருட்டின கால்மேஸ். மூக்குக் கண்ணாடிக் கூடு. அங்கிள் இல்லை.

அம்மா எட்டிப் பாத்தா. "ஐயோ, அவர் போகேக்கை இவரையும் கூட்டிக்கொண்டு போட்டாரோ?"

அக்காதான் முதல் விளங்கினவ. அங்கிள் தள்ளுறதுக்குக் குதிச்சிருக்கிறார், நாங்கள் விட்டிட்டு வந்திட்டம். சனம் பசியிலை நிக்குது. குழந்தையள் வடையைப் பாத்து அழுதுகள். உடனை திரும்பிப் போகவேணும். ஆனால் வந்திருந்த ஒரு அன்ரி கேட்டா, "திரும்பிப் பாக்கவே கூடாது எண்டால், திரும்பிப் போகலாமோ?" நியாயமான கேள்வி. பதில் தெரிஞ்ச ஒரே மனிசன் ஈர வேட்டியோடை கடற்கரையிலை நிக்குது.

அம்மாவும் நானும் போனம். தோட்டங்கள் தொடங்கிற இடத்திலை, கோலிபிளவர் கட்டுற கொட்டிலுக்குள்ளை, ஒரு இத்தாலிக்காரக் குடும்பத்துக்கு நடுவிலை அங்கிள். நெற்றியிலை திருநீறு, வேட்டிக்கு மேலை ஆரோ கிழவியின்ரை பூப்போட்ட கம்பளிக் கோட்டு, கையிலை கோப்பி. காலடியிலை அவருக்குக் குடுத்த ஒரு பெட்டி கோலிபிளவர். எங்கடை வண்டி தலையைக் குனிஞ்சுகொண்டு வாறதைக் கண்டதும் எழும்பினார். அந்த முகத்தை நான் அதுக்கு முதல் காணேல்லை. தேவாரம் வாற முகமில்லை அது. என்னை நோக்கிக் கையை நீட்டினார், வாயைத் திறந்தார்.

அதுக்குள்ளை அம்மா யன்னலாலை தலையை நீட்டினா.

"சிவபாதமண்ணை! அவர் கூப்பிட்டது உங்களுக்கும் கேட்டதோ? மடையா, மடையா எண்டு. நீங்கள் கிட்ட நிண்டிருப்பியள். கேட்டதோ?"

அங்கிள் வாயை மூடினார். என்னைப் பாத்தார். அம்மாவைப் பாத்தார். நீட்டின கையை மெல்லக் கோட்டுப் பைக்குள்ளை விட்டார்.

"ஓம் தங்கச்சி" எண்டார். "வடிவாக் கேட்டது. பிறகு நிண்டிட்டுது. போட்டார்."

அம்மா சாய்ஞ்சு இருந்து கண்ணைத் துடைச்சா. வீட்டை வந்ததும் அவ இறங்கி உள்ளுக்குப் போனா. நான் அங்கிளைக் கையைப் பிடிச்சு இறக்கினன். அவர் ஒருக்கால் வாசலைப் பாத்திட்டு, என்ரை காதுக்குக் கிட்டக் குனிஞ்சு, ஆருக்கும் கேக்காமல் சொன்னார்:

"மடையா."

அண்டைக்குப் படையலிலை கோலிபிளவர்க் கறியும் இருந்தது.

அந்த ஷக்கிளை நான் இன்னும் மாத்தேல்லை. மோல்ராக்காரர்ரை கடையைத் தாண்டிப் போகேக்கை அவர் வெளியிலை வந்து நிண்டு பாக்கிறவர். எங்கடை வீட்டிலை கலியாணத்துக்கு வெளிக்கிட்டாலென்ன, கடைக்கு வெளிக்கிட்டாலென்ன, நான் வண்டியை ஸ்ராட் பண்ணினால் உள்ளுக்கிருந்து ஆராவது ஒராள் கட்டாயம் கத்தும்: "அங்கிள் ஏறியாச்சோ?" அங்கிள் இப்ப முன் சீற்றிலை மட்டுந்தான் இருக்கிறவர். பின்பெட்டிக்கு அவரை ஏத்தேலாது. ஏறி இருந்து, கதவைச் சாத்தி, அம்மா கிட்ட இல்லை எண்டு தெரிஞ்சால் மட்டும் சொல்லுவார், "ஓட்டடா மடையா" எண்டு. நானும் ஓட்டுவன்.