பாட்டிலுக்குப் பத்துப் பொருத்தம்

கல்கத்தாவில் எதையும் எதனோடும் கலக்க விடாத ஒரே மனிதர் ஆலாதா டாக்டர்தான். டிராமும் மாடும் ரிக்‌ஷாவும் ஊர்வலமும் ஒரே தெருவில் பின்னிக்கொண்டு நகரும் ஊர் அது. போதாதென்று மெட்ரோ ரயிலுக்காகப் பாதி ஊரைத் தோண்டி மீதிப் பாதியின் மேல் கொட்டி வைத்திருந்த நாட்கள். அங்கே ஒருவர் இப்படி வாழ்ந்தார் என்றால் நம்பச் சிரமம்தான். நான் நேரில் பார்த்தவள். நம்பலாம்.

வங்காளத்தில் ஆலாதா என்றால் தனித்தனி. பாலிகஞ்சில் அவர் வேலை பார்த்த நர்ஸிங் ஹோமில் வாட்ச்மேனிலிருந்து பெரிய சர்ஜன் வரை அவருக்கு அதுதான் பெயர். நிஜப் பெயர் பலகையில் இருந்தது. யாரும் படித்ததாகத் தெரியவில்லை. தமிழர்தான், அங்கேயே பிறந்து வளர்ந்தவர். ஆனால் அவர் பேசுவதைத் தமிழ் என்று சொல்லத் தைரியம் வேண்டும். தமிழில் கிளம்பி, வங்காளத்தில் வளைந்து, இங்கிலீஷில் இறங்கி, ஹிந்தியில் போய் நிற்கும். கலக்கக் கூடாது என்ற அவருடைய சட்டம் அவருடைய பேச்சுக்கு மட்டும் பொருந்தாது. நான் இங்கே அதைத் தமிழாக்கித்தான் தருகிறேன்.

மற்றதற்கெல்லாம் பொருந்தும். கரியாஹாட்டில் பொரி, கடலை, வெங்காயம் எல்லாவற்றையும் டப்பாவில் போட்டுக் குலுக்கித் தருகிற ஜால்முரிக்காரன், இவர் தலை தெரிந்தாலே டப்பாவைக் கீழே வைத்துவிடுவான். பொரி ஒரு பொட்டலம், கடலை ஒரு பொட்டலம், வெங்காயம் ஒரு பொட்டலம். ஒரு நாள் கடுகெண்ணெயையும் தனியாகக் கேட்டிருக்கிறார். ஊசியில் ஏற்றித் தரட்டுமா டாக்டர்பாபு என்றானாம் அவன். டாக்டர் கோபித்துக்கொள்ளவில்லை, கொஞ்ச நேரம் யோசித்தார் என்பது நர்ஸுகள் சொன்ன கதை.

நம்மவர்கள் வீட்டுக் கல்யாணத்தில் அவர் சாப்பிட்டதை நானே பார்த்திருக்கிறேன். சாதத்தை முதலில் தின்றார். சாம்பாரைப் பிறகு குடித்தார். இலையில் ரசம் பாயசத்தைப் பார்த்து ஓட ஆரம்பித்ததும் இரண்டு கையாலும் அணை கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பந்தி முடிந்து எல்லோரும் எழுந்த பிறகும் அணை நின்றது.

இந்த மனிதரிடம்தான் எங்கள் ஏழு வயது மகள் சுபாவை ஒப்படைக்கும்படி ஆயிற்று.

டைபாய்டு முற்றிக் குடலில் ஓட்டை போட்டுவிட்டது. ஆபரேஷன் முடிந்தது. குடல் ஆறும்வரை வாயில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். சாப்பாடு முழுவதும் நரம்பு வழியாக. குளுகோஸ், புரதம், உப்புகள், சுண்ணாம்புச் சத்து எல்லாம் அளந்து சேர்த்த பாட்டில். சீமைக்குப் போய்ப் படித்துவந்த ஆலாதா டாக்டர் ஒருவருக்குத்தான் அங்கே அதைத் தயாரிக்கத் தெரியும். தயாரித்த பாட்டிலைக் கறுப்புத் துணிக்கு முன்னால் பிடித்து, டார்ச் அடித்து, சாய்த்து, நிமிர்த்தி, மறுபடி சாய்த்துப் பார்ப்பார். பெண் பார்க்க வந்தவர்கள்கூட அவ்வளவு உற்றுப் பார்க்க மாட்டார்கள்.

இதுவே கலவைதானே டாக்டர் என்று நான் மடக்கினேன்.

"இது பத்துப் பொருத்தம் பாத்துப் பண்ணின கல்யாணம், பௌதி. மத்ததெல்லாம் ஓடிப்போற கேஸ்" என்றார். பௌதி என்றால் அண்ணி. அந்த ஊரில் கல்யாணமான பெண்கள் எல்லோருமே யாருக்காவது பௌதிதான், ஆண்கள் எல்லோரும் தாதா, அதாவது அண்ணன்.

காய்ச்சலில் சுபாவுக்கு வலிப்பும் வந்திருந்தது. அதற்கான ஊசி மருந்துக்கு வலது கையில் தனியாக ஒரு குழாய். சாப்பாட்டுக்கு இடது கையில். குச்சி மாதிரிக் கைகள். நரம்பு தேடி ஒவ்வொரு தடவை குத்தும்போதும் அவள் என்னைத்தான் பார்ப்பாள். வலது கையில் குழாய் இருந்த இடம் வீங்கிப்போய், வேறு இடத்தில் மாற்றிக் குத்த வந்த அன்று என் கணவருக்குப் பொறுக்கவில்லை.

"ஏன் டாக்டர், இந்தக் கையில ஒரு குழாய் இருக்கே. அதுலயே விட்டா என்ன? உள்ள போனா எல்லாம் ஒண்ணுதானே?"

டாக்டர் கண்ணாடிக் குவளையில் சாப்பாட்டுத் திரவத்தைக் கொஞ்சம் ஊற்றினார். அதில் அந்த மருந்தைச் சில சொட்டு விட்டார். தெளிவாக இருந்தது வெளுத்தது. வெளுத்தது பொடிப்பொடியாகத் திரிந்தது.

"உள்ள போய் ஒண்ணாகறது உடம்போட வேலை, தாதா. வெளியிலயே ஒண்ணாக்கி அனுப்பினா இப்படித்தான். இதையா குழந்தைக்குள்ள விடச் சொல்றீங்க?"

என் கணவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். சுபா தானாகவே வலது கையை நீட்டினாள்.

பிறகு வந்தது குளிர்காலம். கல்கத்தாவில் குளிர் வருவதற்கு முன்பே குரங்குக் குல்லா வந்துவிடும். பெரியம்மா முறை வைத்து நாங்கள் கூப்பிட்ட கீழ்வீட்டு மாஸிமா, எங்கள் வீட்டுச் சொந்தக்காரி, சுபாவின் மேல் உயிரையே வைத்திருந்தாள். ஒரு பிற்பகல் நர்ஸிங் ஹோமில் மாஸிமாவைச் சுபாவுக்குத் துணையாக உட்கார்த்தி வைத்துவிட்டு, கணவருக்குப் போன் செய்ய நான் கீழே போனேன். லோட் ஷெட்டிங் வேறு, கரண்ட் இல்லை. திரும்பி வந்தால் சுபா சிரித்துக்கொண்டிருக்கிறாள். ஆபரேஷனுக்குப் பிறகு நான் பார்த்த முதல் சிரிப்பு.

கம்பியில் தொங்கிய சாப்பாட்டுப் பாட்டிலுக்கு மாஸிமா குரங்குக் குல்லா மாட்டியிருந்தாள். உள்ளே, சுபாவின் காலுக்காகக் கொண்டுவந்த வெந்நீர்ப் பையையும் சேர்த்துக் கட்டியிருந்தாள். பாட்டில் ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்த சில்லிப்போடு இருந்ததாம். அப்படியே உள்ளே போனால் "டண்டா லாக்பே", குழந்தைக்குக் குளிர் பிடித்துவிடும் என்றாள். தரிசனம் தருகிற மாதிரி தொங்கிற்று பாட்டில். நானும் சிரித்துவிட்டேன்.

அப்போது ஆலாதா டாக்டர் உள்ளே வந்தார். அவர் சிரிக்கவில்லை. முதலில் குழாயை அடைத்தார். பிறகுதான் குல்லாவைக் கழற்றினார். கறுப்புத் துணி, டார்ச். பாட்டில் அரிசி களைந்த தண்ணீராக இருந்தது.

சுண்ணாம்பும் இன்னொரு உப்பும் குளிரில் ஒன்றையொன்று கண்டுகொள்ளாமல் இருக்குமாம். சூடு பட்டால் கட்டிப் பிடித்துப் பொடியாகிவிடும். அந்தப் பொடி ரத்தத்தோடு ஓடி நுரையீரலில் போய் அடைத்தால் என்று ஆரம்பித்தவர், என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். கலங்கல், பாட்டிலுக்குக் கீழே சொட்டு விழுகிற குப்பி வரைக்கும் வந்துவிட்டது. அதற்குக் கீழே போயிற்றா என்று டார்ச்சாலும் சொல்ல முடியவில்லை.

பாட்டில், குழாய், ஊசி எல்லாவற்றையும் எடுத்துப் போட்டு, வேறு நரம்பில் வெறும் குளுகோஸ் ஏற்றினார். மாஸிமா தலையில் அடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். அவர் குல்லாவிலிருந்த சூட்டை உதறி, சுபாவின் தலையில் மாட்டினார்.

"குல்லா பிரமாதம், மாஸிமா. ஆள்தான் மாறிப்போச்சு."

இதைச் சொல்லிவிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தவர், மாலைவரை எழுந்திருக்கவில்லை. மூச்சை எண்ணுவார். முதுகில் ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்பார். மறுபடி எண்ணுவார். சுபா ஒரு தடவை இருமினாள். அறையிலிருந்த மூன்று பெரியவர்களும் எழுந்து நின்றோம். தொண்டை வறட்சிதான்.

விளக்கு வந்தபோது எழுந்தார். நெஞ்சு சுத்தமாக இருக்கிறது, ஒன்றும் உள்ளே போகவில்லை என்றார். நாளைய பாட்டிலைத் தானே காவல் இருந்து ஏற்றுவதாகவும், குல்லா போட்டவர்கள் யாரும் பாட்டில் பக்கம் வரக் கூடாது என்றும் உத்தரவு போட்டுவிட்டுக் கம்பீரமாக வெளியே போனார்.

நன்றி சொல்லப் பின்னாலேயே போனேன். வராந்தாக் குழாயடியில் நின்று முகம் கழுவிக்கொண்டிருந்தார்.

"நான் ரொம்பப் பயந்துட்டேன்" என்றார். அன்றைக்கு அவர் வாயிலிருந்து சுத்தத் தமிழ்.

சுபா தேறினாள். என் கணவருக்கு மாற்றலாகி இந்த ஊருக்கு வந்துவிட்டோம், இப்போது பள்ளிக்கூடத்தில் கோகோ ஆடுகிறாள். மருந்துக் கடைக் கண்ணாடிக்குள் பாட்டிலைப் பார்த்தால் கலங்கியிருக்கிறதா என்று நின்று பார்த்துவிட்டுப் போவது நான்தான்.

பார்க்க வந்த அத்தனை பேரும் பயப்படாதே என்றுதான் சொல்லிவிட்டுப் போனார்கள். தானும் பயந்ததாக என்னிடம் சொன்னவர் அந்த மனிதர் ஒருவர்தான். எத்தனையோ நாளைக்குப் பிறகு, அவர் அதைச் சொன்ன அன்று ராத்திரிதான் நான் உட்கார்ந்து சாப்பிட்டேன்.