எழுபத்தைந்து பச்சை

மென்பொருளில் ஓரெழுத்தை மாற்றினாலும் கணினி அதை மறுபடி தொகுத்துத் தரவேண்டும். அதற்கு பில்ட் என்று பெயர். எங்கள் அலுவலகத்தில் அதற்கு இரண்டு நிமிடம் ஆனது. இந்தக் கொடுமையைப் போக்க மேலிடம் 'தாமத ஒழிப்பு உயர்நிலைக் குழு' அமைத்தது.

ஏழு மாதம் ஆராய்ந்த குழு, பில்ட் தொடங்கிய நேரம் யாருக்கும் தெரிவதில்லை என்று கண்டுபிடித்தது. ஆகவே ஒவ்வொரு பில்ட்டும் தொடங்கிய நேரத்தைப் பொதுக் கோப்பில் பதியவேண்டும் என்று ஆணை பிறந்தது. பொதுக் கோப்பு மாறினால் அதை நம்பியிருக்கும் பதினோராயிரம் கோப்புகளும் பழசாகிவிடும். அத்தனையையும் புதிதாகத் தொகுக்க மூன்று மணி நேரம். தாமதம் இப்போது துல்லியமாகத் தெரிகிறது என்று குழுவுக்குப் பாராட்டுப் பத்திரம் கொடுத்தார்கள்.

வியாழக்கிழமை நாலு மணிக்கு என் மகளின் பள்ளி நாடகம். அவள் மரமாக நடிக்கிறாள். ஒன்றரை மணிக்கு மேலாளர் வந்தார்.

"இந்த பட்டன் பச்சை கொஞ்சம் சோகமா இருக்கே. மாத்துங்க."

"சார், நாலு மணிக்குப் பொண்ணு நாடகம்..."

"மாத்திட்டுப் போங்க. யார் வேண்டாங்கறா?"

பொறுக்கவில்லை. நேரம் பதியும் அந்த ஒரு வரியை நீக்கினேன். பில்ட் இரண்டே நிமிடத்தில் முடிந்தது. சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்டது அப்போது தெரியவில்லை.

பக்கத்து மேசை அக்கா பின்னிக்கொண்டிருந்த ஸ்வெட்டரைக் கீழே வைத்தாள். "என்னப்பா பண்ணித் தொலைச்ச? இன்னும் ஒரு கை பாக்கி இருக்கே!"

மேலாளர் முகம் மலர்ந்தது. "ரெண்டு நிமிஷமா? அப்போ நாலு மணிக்குள்ள எழுபத்தஞ்சு பச்சை பாத்துடலாமே!"

பார்த்தோம். ஏழு மணிக்கு முதல் பச்சையே தேறியது.

வீட்டில் மகள் முகத்தில் சாயம்கூட அழிக்காமல் உட்கார்ந்திருந்தாள். "நான் அசையவே இல்லப்பா. நீ வருவேன்னு கதவையே பாத்துட்டு நின்னேன். அடுத்த வியாழக்கிழமை மறுபடி போடறாங்க. வருவியா?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. சத்தியம் செய்து கொடுத்தேன்.

மறுநாள் காலை, அந்த வரியை உடனே திரும்பச் சேர்க்கும்படி மனு எழுதினேன். மெதுவான பில்ட்டாக இருந்திருந்தால் ஒரே ஒரு பச்சையோடு ஐந்து மணிக்கு வீடு வந்திருப்பேனே! அக்கா முதல் கையெழுத்துப் போட்டாள். கண் சிவந்திருந்த மேலாளர் இரண்டாவது. அலுவலகம் முழுக்கப் போட்டது.

மனு ஏற்கப்பட்டது. தாமதத்தின் அருமையை உணர்ந்தவன் என்று என்னையே குழுவுக்குத் தலைவராக்கிவிட்டார்கள். முதல் கூட்டம் அடுத்த வியாழக்கிழமை நாலு மணிக்கு. தலைவர் இல்லாமல் தொடங்கக்கூடாதாம்.