ஒரே ஒரு டிக்கெட்

அந்த வெளிநாட்டு நகரத்தில் எங்களுக்கு அன்று கடைசி நாள். "அந்த ஊர் ராத்திரியைப் பார்க்காமல் திரும்ப மாட்டேன்" என்று ஆபீஸில் பதினேழு பேர் முன்னால் மார்தட்டிவிட்டு வந்திருந்தேன். பார்க்காமல் போனால் என்னைக் கிழித்துத் தோரணம் கட்டிவிடுவார்கள்.

தனியாகத்தான் போக வேண்டும். மனைவியோடு போனால் நான் அவள் கைப்பைக்குக் காவல். அதனால் ஆற்றங்கரை நடன அரங்குக்கு ஒரே ஒரு டிக்கெட் ரகசியமாக வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். திட்டம் எளிது. பகலெல்லாம் அவளை நடக்க வைப்பது. கால் வலியில் அவள் அடித்துப்போட்டாற்போல் தூங்கியதும் நான் கம்பி நீட்டுவது.

நடந்தோம். இரண்டு அருங்காட்சியகம், மூன்று பாலம், இருநூற்றுப் பன்னிரண்டு படி ஏறி ஒரு கோபுரம். கோடை வெயில் வேறு மண்டையைப் பிளந்தது.

"ஏங்க, பஸ்ல போலாமே?"

"நடந்தாத்தாம்மா ஊர் தெரியும்."

"உங்களுக்கு மூச்சு வாங்குது."

"இது மூச்சு இல்ல. ரசனை."

நாலு மணிக்கு அறைக்கு வந்தோம். அவள் முகம் கழுவி வருவதற்குள் நான் தயாராகிவிட்டேன்.

"அம்மாடி, என்னால முடியல. படுக்கறேன்."

"படு, படு. நானும் அஞ்சு நிமிஷம் சாயறேன்."

"கோட்டோடயா?"

"ஏசி குளுருது."

"சென்ட் வாசனை வருதே?"

"போர்வையிலேருந்து வருது போல."

அவள் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. இவ்வளவு அப்பாவியா என்று எனக்கே பாவமாக இருந்தது.

கண் விழித்தபோது ஜன்னலில் நல்ல வெளிச்சம். சுவர்க் கடிகாரத்தில் ஆறு. இரண்டே மணி நேரம்தான்! கோடையில் அந்த ஊரில் பத்து மணி வரை வெயில் என்பதால் எனக்குச் சந்தேகமே வரவில்லை. பக்கத்தில் அவள் தலையோடு போர்த்திக்கொண்டு அசையாமல் கிடந்தாள். போர்வையை இன்னும் கொஞ்சம் இழுத்துவிட்டேன். எனக்கும் ஈர நெஞ்சு உண்டு. பூட்ஸைக் கையில் பிடித்துக்கொண்டு பூனை மாதிரி வெளியேறினேன்.

தெருவைக் கூட்டிக்கொண்டிருந்தார்கள். ராத்திரிக்கு ஊரைத் தயார் செய்கிறார்கள், என்ன பொறுப்பு என்று வியந்தேன். அரங்கு வாசலில் காவலாளி பூட்டும் சாவியுமாக நின்றான். சட்டைப் பையில் கைவிட்டேன். டிக்கெட்டைக் காணோம்.

உள்ளேயிருந்து நாலு பெண்கள் சிரித்துக்கொண்டே வந்தார்கள். நடுவில், தலையில் காகிதக் கிரீடத்தோடு, செருப்பைக் கையில் பிடித்தபடி என் மனைவி.

"நீ... அங்க தூங்கிட்டிருந்தியே?"

"அது ரெண்டு தலகாணி."

"ஆட்டம் இன்னும் ஆரம்பிக்கலையா?"

"முடிஞ்சே போச்சு. இது விடியக்காலைங்க! பதினாலு மணி நேரம் தூங்கியிருக்கீங்க."

"என்னை எழுப்பியிருக்கக் கூடாதா?"

"எழுப்பி என்ன பண்றது? நீங்க ஒரு டிக்கெட்தானே வாங்கியிருந்தீங்க!"

அவள் முகத்தில் இருந்த குஷியைப் பார்த்தபோது கோபம்கூட வரவில்லை. பதினேழு பேர்தான் கண்முன் வந்து நின்றார்கள்.

"ஆபீஸ்ல என்னத்தச் சொல்வேன்?"

"பாட்டு, ஆட்டம், ஆத்துல மிதந்த விளக்கு, எல்லாம் நான் சொல்றேன். நேர்ல பாத்த மாதிரி அளந்து விடுங்க. விடிய விடிய ஆடினதுல எனக்குக் கால்தான் விண்ணு விண்ணுன்னு வலிக்குது."

அவள் காலை வலிக்க வைப்பதுதானே என் திட்டம்? பிரமாதமாக வலித்தது. விமானம் ஊரில் இறங்கும்வரை அமுக்கிவிட்டுக்கொண்டே வந்தேன்.