மர்சூக் சேரின் ஐஸ் பாடம்

சாக்கிலிருந்து வடிந்த தண்ணீர் பள்ளிக்கூட முற்றத்தில் பாதி தூரம் ஓடியபோது மணி ஒன்பதரை. அதிகாரி வர இன்னும் அரை மணி நேரம் இருந்தது.

"உங்கட ஐஸ் உங்களுக்கு முந்தி ஊட்டுக்குப் போகப்போகுது சேர்," என்றார் பியோன் பக்கீர்.

மர்சூக்குக்குச் சிரிப்பு வரவில்லை. ஏறாவூரில் அவர் வீட்டிலிருந்து பத்து நிமிட நடையில் பள்ளிக்கூடம். பகல் சாப்பாடு மனைவி றஸீனாவின் கையால். கல்விக் கந்தோரிலிருந்து அதிகாரி ஒருவர் இங்கிலீஷ் பாடம் பார்க்க வருகிறார், யாரையோ உன்னிச்சைக்கு அப்பால் யானைக் காட்டோரப் பள்ளிக்கு மாற்றப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டதிலிருந்து அந்தச் சோறும் இறங்கவில்லை. படிப்பிக்கத் தெரியாதவனைத்தானே தூக்கிப் போடுவார்கள்?

பக்கத்து வகுப்பின் இங்கிலீஷ் ஆசிரியை றுக்ஷானா நல்ல புத்திதான் சொன்னார். "புத்தகத்தப் பாத்து வாசிச்சு உடுங்க சேர். அவரும் கையெழுத்த வெச்சிட்டுப் போயிருவார்."

மர்சூக் கேட்கவில்லை.

வினையை விலைக்கு வாங்கும் மனிதர்களைப் பற்றி இங்கிலீஷ்காரரின் சொல்வழக்குகள்தான் பாடம். நெருப்போடு விளையாடுவது பிள்ளைகளுக்கு உடனே விளங்கியது. குளவிக்கூட்டைக் குத்துவதும் விளங்கியது. இரண்டு பேர் சொந்த அனுபவமே சொன்னார்கள். மெல்லிய ஐஸின் மேல் நடப்பதில்தான் முந்தின நாள் பாடம் நின்றுபோனது.

"ஐஸ்ல மீனத்தானே சேர் வெக்கிற? அதுக்கு மேல ஏன் நடக்கணும்?" என்று கேட்டாள் சஹ்லா.

"குளிர் நாட்டில ஏரியெல்லாம் உறைஞ்சு போகும் புள்ள."

"எங்கட வாவியுமா சேர்?"

காட்டினால்தான் விளங்கும் என்று மர்சூக் முடிவெடுத்தார். வாழைச்சேனை மீன்பிடித் துறைமுகத்தில் ஒரு பாளம் ஐஸ் வாங்கி, உமி போட்டுச் சாக்கில் சுற்றி, ஆட்டோவில் கொண்டுவந்தார்.

பாளம் ஒரு சாண் தடிப்பு. அதன் மேல் யானையே நடக்கலாம். மெல்லிசாகட்டும் என்று முற்றத்து வெயிலில் போட்டார். வெயில் ஐஸைக் கரைத்ததோடு சாக்கிலிருந்த மீன் வாடையையும் கிளப்பிவிட்டது. மூன்று பூனைகள் வந்தன. பூனைகளுக்குப் பயந்து பாளத்தை வகுப்பு வாசலுக்குள் இழுத்தார்; தரை குளமானது. ஈரம் உறிஞ்சட்டும் என்று உமியைக் கொட்டினார், குளம் சேறானது.

"இனி விதைச்சு உடலாம் சேர்," என்றார் பக்கீர்.

அதற்குள் அதிகாரி சொன்ன நேரத்துக்கு முன்பே வந்து, றுக்ஷானாவின் வகுப்பை ஐந்து நிமிடத்தில் பார்த்து முடித்து, மர்சூக்கின் வகுப்பு வாசலில் நின்றார்.

மர்சூக் பிஸ்மி சொல்லி, கரைந்து மெலிந்திருந்த பாளத்தின் மேல் ஏறினார். இரண்டாவது அடியில் அது படீரென்று பிளந்தது. விழுந்தவரின் கையில் அதிகாரியின் சட்டை அகப்பட்டது. இருவரும் உமிச் சேற்றில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள்.

நாற்பது பிள்ளைகளும் மெல்லிய ஐஸில் நடக்கும் அந்த இங்கிலீஷ் சொல்வழக்கை ஒரே குரலில், பிழையில்லாமல் சொன்னார்கள்.

அதிகாரி எழுந்தார், உமியைத் தட்டினார், நேரே பள்ளி அதிபரின் அறைக்குப் போனார். மர்சூக்குக்கு அழுகையே வந்துவிட்டது.

அரை மணி கழித்துப் பக்கீர் வந்தார். "உங்களத்தான் அந்த யானைக் காட்டு ஸ்கூலுக்குப் போட்டிரிக்கி சேர்."

"தெரியும் பக்கீர் காக்கா. படிப்பிக்கத் தெரியாதவன வேற எங்க போடுவாங்க?"

"அப்பிடியில்ல சேர். அந்த ஸ்கூலுக்கு ஆகத் திறமான வாத்தியார் ஒராளத் தேடித்தான் வந்தவராம். புத்தகத்தப் பாத்து வாசிச்ச றுக்ஷானா டீச்சர் இஞ்சயே இருக்கட்டுமாம்."