பதினாலு ஸ்தலமும் ஒரு எறா கீஷும்

தவக்காலம் தொடங்குற சாம்பல் புதன் அன்னைக்கு என் வாய் சும்மா இருந்திருக்கலாம். எங்க கோயில் குடும்பங்க கூடுற அன்பியக் கூட்டத்துல, தெருக்காரங்க அத்தனை பேர் முன்னாடி, "நாப்பது நாளும் கவிச்சி தொடமாட்டேன், முட்டை கூடக் கெடையாது!"ன்னு முழங்கிட்டேன். மச்சான் சேவியர்ராஜ் வெள்ளிக்கிழமை மட்டும் கறி வேணாம்னான். அவனை மிஞ்சணும்ல?

இருவதாம் நாள் நாக்கு செத்துப்போச்சு. செல்போன்ல ஒரு வெள்ளைக்காரன் கீஷ்னு ஒண்ணு செஞ்சான். மைதா ரொட்டிக் குழியில முட்டை, பால், சீஸ், எறா ஊத்தி ஓவன்ல வேகவெக்கிறது. எனக்குக் கண்ணே கலங்கிடுச்சு. கள்ளக்குறிச்சியில இது யாருக்குத் தெரியப் போவுது? மீன் மார்க்கெட் செவ்வந்திகிட்ட ரகசியமா அரைக் கிலோ எறா சொல்லி வெச்சேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பொண்டாட்டி ஆனந்தமேரி கோயில்ல பதினாலு ஸ்தலமா நின்னு செபம் சொல்ற சிலுவைப்பாதைக்குக் கெளம்பினா.

"நீங்க வரலையா?"

"முட்டி வலி, மேரி."

"எந்த முட்டி?"

"ரெண்டும்."

"பாவம். படுத்துக்கினே செபம் பண்ணுங்க."

அவ தெருமுனை தாண்டினதும் ஒளிச்சி வெச்சிருந்த எறாப் பையைத் தூக்கினேன், நல்ல கனம். மாவு பெசஞ்சேன். கடியாரமே வேணாம், கோயில் ஸ்பீக்கர் வூட்டுக்குள்ளயே கத்துது. எட்டாம் ஸ்தலத்துல வெந்துடணும். பத்துல தின்னுடணும். பதினாலுக்குள்ள சாம்பிராணி போட்டு வாடையைத் தொரத்திடணும். மாட்டினா மானம் போச்சு, சேவியர்ராஜ் வருஷம் பூரா சிரிப்பான்.

எட்டாம் ஸ்தலம். கீஷ் நடுவுல தளதளன்னு ஆடுச்சு. பத்தாம் ஸ்தலம். இன்னும் ஆடுது. "சாமியாரே, கொஞ்சம் மெதுவாப் போங்களேன்!" பன்னெண்டுல கெட்டியாச்சு, தொட்டா வெரல் வெந்துச்சு. ஃபேனுக்கு அடியில வெச்சு ஊது ஊதுன்னு ஊதினேன். கடைசிப் பாட்டு ஓடுறப்ப ஒரு துண்டு வெட்டி வாய்கிட்ட கொண்டுபோனேன்.

வாசல்ல செருப்புச் சத்தம். பத்து ஜோடி.

"வாங்க, வாங்க!" ஆனந்தமேரி அன்பியத்துப் பொம்பளைங்களோட உள்ள வந்தா. "நான் சொன்னேன்ல? முட்டி வலியோட நமக்காகச் செஞ்சி வெச்சிருக்காரு!"

என் கைத் துண்டைப் புடுங்கி பக்கத்து வூட்டு ஜூலியா தட்டுல வெச்சா.

"எறாவா? கறி இல்லையே, தாராளமா சாப்பிடலாம்!" ஜூலியா கண்ணை மூடி மென்னா. "நீங்க சாப்பிடலையாண்ணே?"

நான் வாயைத் தொறக்கறதுக்குள்ள ஆனந்தமேரி, "அய்யய்ய, அவரு விரதம்! உப்பு பாக்கக்கூட நாக்குல வெக்கல!"

"அடேயப்பா!"ன்னு எல்லாரும் என்னைப் பாத்துக் கும்பிட்டாங்க. சாப்பிட்டுக்கினேதான் கும்பிட்டாங்க.

"உனக்கு எப்படிடி தெரியும்?"னு அவ காதுல முனகினேன்.

"நீங்க சொல்லி வெச்சதுமே செவ்வந்தி போன் பண்ணிட்டா. பத்து பேருக்கு அரைக் கிலோ பத்தாது, ஒரு கிலோவா குடுன்னேன்."

அதான் பை அந்தக் கனம் கனத்துச்சா!

தட்டு காலியாச்சு. எல்லாரும் போனப்புறம் எனக்குன்னு தனியா ஒரு கிண்ணம் கஞ்சி வந்துச்சு.