கண்மாய்க்குள் இறங்கிய விமானத்தின் வால்

அரசாங்கத்தில் இல்லாத இலாகா கிடையாது. மழையை அளக்க ஒன்று, மரத்தை எண்ண ஒன்று, உப்புக்கு ஒன்று, உரத்துக்கு ஒன்று. வாலுக்கும் ஒன்று உண்டு என்பதை நிலைநாட்டிய பெருமை எங்கள் துணைத் தாசில்தார் திருவாளர் லட்சுமிகாந்தம் அவர்களையே சாரும்.

அது அறுபதாம் வருஷம், புரட்டாசிக் கடைசி. வானத்திலிருந்து எதையாவது கொட்டுவது அந்த வருஷத்து நாகரிகம். எங்கோ ஒரு மில் திறப்பு விழாவில் விமானத்திலிருந்து பூ கொட்டினார்களாம். அதைக் கேள்விப்பட்டதிலிருந்து சிவகாசிப் பக்கத்துப் பட்டாசு முதலாளி ஒருவருக்குச் சோறு இறங்கவில்லை. பூ வாடிவிடும், நோட்டீஸ் வாடாது என்று அவர் யோசித்தார். தீபாவளி சீசனுக்காகத் தம் கம்பெனி நோட்டீஸைப் பல கலரில் அச்சடித்தார். அதை ஊர் ஊராகக் கொட்டுவதற்கு மதுரையிலிருந்து ஒரு சின்ன விமானத்தை வாடகைக்குப் பிடித்தார். அதில் இரண்டு பேர் உட்காரலாம். முதலாளியும் ஏறுவதாகத்தான் இருந்தது. புறப்படும் நேரத்தில் தமக்கு இடுப்பு வலி என்று சொல்லி, தம் இடத்தில் நோட்டீஸ் கட்டுகளை ஏற்றிவிட்டார்.

விமானத்தை ஓட்டியவன் சோணைமுத்து. சாத்தூர்ப் பக்கத்துப் பையன்தான், பறக்கப் படித்துப் பாஸ் செய்திருந்தான். அவனுடைய அம்மாவுக்கு மட்டும் அவன் மதுரையில் பஸ் ஓட்டுகிறான் என்று சொல்லி வைத்திருந்தார்கள்.

சாத்தூருக்கு நோட்டீஸ் கொட்டி முடித்து விஸ்வநத்தத்துக்கு மேலே வரும்போதுதான் கோளாறு வந்தது. விமானத்தின் வாலில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு தகடு உண்டு. அதை ட்ரிம் என்பார்கள். விமானம் மூக்கைத் தூக்காமலும் தாழ்த்தாமலும் ஒரே சீராகப் போவதற்கும், ஓட்டுகிறவனுக்குக் கை வலிக்காமல் இருப்பதற்கும் உள்ள ஏற்பாடு அது. அந்தத் தகட்டைப் பிடித்திருந்த கம்பியின் ஆணி தேய்ந்து தேய்ந்து அன்றைக்கு ஒடிந்தது. தகடு கோணலாகத் திரும்பி இறுகிக்கொண்டது. விமானம் மூக்கைக் கீழே போட்டது.

சோணைமுத்து இரண்டு கையாலும் விமானத்தை ஓட்டும் தடியைப் பிடித்து நெஞ்சோடு இழுத்தான். கீழே பார்த்தால் வரிசையாகப் பட்டாசு செட்டுகள், வேலை நடக்கும் கொட்டகைகள். வெளி மேடைகளில் சரமும் சக்கரமும் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தன. சிவப்புச் சேலை, பச்சைச் சேலை எல்லாம் அண்ணாந்து பார்த்தன. அங்கே விழுந்தால் என்ன ஆகும் என்று அவனுக்குத் தெரியும். பல்லைக் கடித்துக்கொண்டு, முழங்காலையும் தடிக்கு முட்டுக்கொடுத்து, கடைசிச் செட்டையும் தாண்டிவிட்டான். அதற்கப்பால் நொச்சிஓடை என்ற ஊரின் கண்மாய், வெடிப்பு விட்ட கரிசலாகக் காய்ந்து கிடந்தது. அதற்குள் இறங்கி, குதித்துக் குதித்துப் போய், மடைக்குப் பக்கத்தில் விமானம் நின்றது.

முதலில் ஓடி வந்தவள் மாடத்தி. கடைசிச் செட்டில் திரி வெட்டுகிறவள். விமானம் நின்று போன பிறகும் சோணைமுத்து தடியை விடாமல் உட்கார்ந்திருந்தான். விட நினைத்தாலும் விரல்கள் பிரியவில்லை. மாடத்தி தூக்குச்சட்டித் தண்ணீரை அவன் கையில் ஊற்றி, ஒவ்வொரு விரலாக நீவிப் பிரித்தாள்.

"விடுங்க தம்பி. தரைக்கு வந்துட்டீக" என்றாள். பிறகு செட்டுகளின் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு, "நாங்களும் உசுரோட இருக்கோம்" என்றாள்.

சோணைமுத்துவுக்கு அப்போதுதான் அழுகை வந்தது.

சாயங்காலத்துக்குள் லட்சுமிகாந்தம் ஜீப்பில் வந்து சேர்ந்தார். கெட்டவர் இல்லை. லஞ்சம் வாங்க மாட்டார், கை நீட்டிக் காப்பி கூடக் குடிக்க மாட்டார். ஆபீஸில் எல்லாவற்றையும் தமிழில் எழுத வேண்டும் என்ற உத்தரவு வந்த புதிது. அதை அவர் அளவுக்கு மனப்பூர்வமாக எடுத்துக்கொண்டவர் ஜில்லாவிலேயே கிடையாது. பேனா தொடங்கி பியூன் வரை எல்லாவற்றுக்கும் பெயர் மாற்றியிருந்தார்.

"எதனால் இறங்கிற்று?"

"டெயில் ட்ரிம் கோளாறு சார்."

"டெயில் என்றால் வால். ட்ரிம்?"

சோணைமுத்து தகட்டைக் காட்டி, கம்பியைக் காட்டி, ஒடிந்த ஆணியையும் காட்டி விளக்கினான். லட்சுமிகாந்தம் தம் கிராப்பைத் தடவிக்கொண்டார். போன வாரம்தான் சலூனில் ட்ரிம் செய்திருந்தார். ஆகவே அந்தச் சொல்லில் அவருக்குச் சந்தேகம் எதுவும் இல்லை.

"வால் ஒப்பனைக் குறைபாட்டின் காரணமாக மேற்படி வாகனம் கண்மாய்க்குள் படுத்துவிட்டது" என்று எழுதி, சோணைமுத்துவிடம் கையெழுத்து வாங்கினார். விசாரணை முடியும்வரை யாரும் வாலைத் தொடக் கூடாது, ஓட்டுநர் ஊரை விட்டுப் போகக் கூடாது, தலையாரி காவல் இருக்க வேண்டும் என்று உத்தரவு போட்டார். ஜீப்பில் ஏறப் போனவர் வானத்தைப் பார்த்தார். மேகம் இருந்தது. கண்மாய்க்குத் தண்ணீர் வரும் வரத்துக்காலை மணல் மூட்டை போட்டு அடைக்கச் சொன்னார்.

கண்மாய்ப் பாசனத்தில் அதிக நிலம் பெத்தணனுக்குத்தான். நாற்று பாவி, மழையை எதிர்பார்த்து இருந்தார். மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு முன்னால் வந்தார்.

"அய்யா, மழை பேஞ்சா தண்ணி எங்கன போகும்?"

"விசாரணையில் உள்ள பொருள் நனையக் கூடாது."

"கண்மாய்னா நனையத்தானய்யா செய்யும்."

"அதைத்தான் தடுக்கிறோம்" என்று லட்சுமிகாந்தம் பொறுமையாகச் சொன்னார்.

மறுநாளே மதுரையிலிருந்து மெக்கானிக் பஸ்ஸில் வந்துவிட்டான். மடித்த காகிதத்துக்குள் விரல் நீளத்துக்கு ஒரு புது ஆணி, கூடவே ஒரு கம்பி. மாட்டுவதற்கு ஒரு பீடி குடிக்கிற நேரம் போதும் என்றான். மாட்டுவதற்கு அனுமதி தரத்தான் நேரம் ஆகும் என்று தலையாரி விளக்கினார். தலையாரி அதற்குள் இந்த விஷயங்களில் நன்றாகத் தேறியிருந்தார்.

சோணைமுத்து இறக்கைக்குக் கீழேயே கிடந்தான். லைசென்ஸ் போய்விடும் என்ற பயம் அவனுக்கு. அதைவிட, அம்மாவுக்கு விஷயம் தெரிந்துவிடும் என்ற பயம். மாடத்தி வேலைக்குப் போகிற வழியில் கஞ்சி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவாள். அவள் வராத அன்றைக்குச் செட்டிலிருந்து வேறு யாராவது கொண்டுவருவார்கள். ஒருவரும் அவனிடம் எதையும் விசாரிக்கவில்லை. விசாரணையெல்லாம் ஆபீஸில் நடந்துகொண்டிருந்தது.

அறிக்கை மேலாபீஸுக்குப் போயிற்று. மேலாபீஸில் அதைப் படித்தவர் நிதானமானவர். வால் என்று இருக்கிறது, படுத்துவிட்டது என்று இருக்கிறது, கண்மாய் என்றும் இருக்கிறது. இம்மூன்றையும் ஒருங்கே பரிசீலித்து, மேல் நடவடிக்கைக்காகக் கால்நடை இலாகாவுக்கு அனுப்பினார். ஒரு நாள் காலையில் பக்கத்து ஊர் மாட்டாஸ்பத்திரி டாக்டர் சைக்கிளில் பெட்டியை மாட்டிக்கொண்டு கண்மாய்க்கரையில் வந்து இறங்கினார். விமானத்தைப் பார்த்தார். கையிலிருந்த கடிதத்தைப் பார்த்தார். மறுபடியும் விமானத்தைப் பார்த்தார். பிறகு கரையிலேயே சிறிது நேரம் உட்கார்ந்துவிட்டார்.

"சார், இது விமானம்" என்றான் சோணைமுத்து.

"அது எனக்கே தெரியுது தம்பி. ஆனா பார்க்கச் சொல்லிக் கடிதம் வந்திருக்கு. பார்க்கலைன்னா ஏன் பார்க்கலைன்னு கேட்டு வேற கடிதம் வரும். பார்த்துட்டா ஒண்ணும் வராது. வயசு என்ன?"

"பன்னெண்டு சார்."

"தீனி?"

"பெட்ரோல்."

டாக்டர் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். சுற்றி வந்து வாலைத் தட்டிப் பார்த்தார். கோமாரி இல்லை, சப்பை நோய் இல்லை, வாலில் மட்டும் சிறு எலும்பு முறிவு, மாற்று எலும்பு வைத்தால் குணமாகும் என்று சான்று கொடுத்தார். மாற்று எலும்பு கையிருப்பில் உள்ளதா என்று மெக்கானிக்கைக் கேட்டார். மெக்கானிக் காகிதத்தைப் பிரித்துக் காட்டினான். தம் முன்னிலையிலேயே சிகிச்சை நடக்கலாம் என்று டாக்டர் உத்தரவிட்டார். பீடி அணைவதற்குள் ஆணி ஏறிவிட்டது. சோணைமுத்து உள்ளே உட்கார்ந்து, தகட்டை அசைக்கும் சின்னச் சக்கரத்தைத் திருப்பினான். தகடு மேலும் கீழும் ஒழுங்காக அசைந்தது. வால் அசைகிறது என்பதையும் டாக்டர் எழுதிக்கொண்டார்.

சான்றைப் பார்த்த லட்சுமிகாந்தத்துக்குப் பரம திருப்தி. விமானம் தாராளமாகப் போகலாம், வரத்துக்காலையும் திறந்துவிடலாம் என்று அன்றைக்கே ஆள் அனுப்பினார்.

இத்தோடு கதை முடிந்திருக்க வேண்டும். முடியாததற்கு ஆபீஸ் காரணம் இல்லை.

இதற்குள் நொச்சிஓடைக்கு ஒரு மவுசு வந்துவிட்டது. ஆலங்குளத்திலிருந்தும் சாத்தூரிலிருந்தும் வண்டி கட்டிக்கொண்டு விமானம் பார்க்க வந்தார்கள். கரையில் காப்பிக் கடை முளைத்தது, பூந்திக் கடை முளைத்தது, ராட்டினம் ஒன்றும் வந்து நின்றது. பிள்ளை வரம் கேட்டு யாரோ வாலில் மஞ்சள் துணி கட்டினார்கள். இத்தனை காலமாக நொச்சிஓடை என்றால் எங்கே இருக்கிறது என்று கேட்ட ஊர்கள், இப்போது நொச்சிஓடைக்கு எப்படிப் போவது என்று கேட்டன. இந்த ஊருக்குப் பெண் கொடுக்க யோசித்த ஒரு வீட்டார் தாமாகவே வந்து தாம்பூலம் மாற்றிப் போனார்கள்.

மெக்கானிக் ஓடுபாதைக்குத் தரையைச் சமன் செய்யச் சொன்னபோது ஊர் கூடிப் பேசியது. பெத்தணன்தான் சோணைமுத்துவிடம் வந்தார். குரல் ரொம்பத் தாழ்ந்திருந்தது.

"தம்பி, எங்க சம்பந்திக வெள்ளிக்கிழமை வாரோம்னு சொல்லிவிட்டுருக்காக. அவுக வந்து ஒரு எட்டு பாத்துட்டா, நீங்க போயிரலாம்."

"மழை வந்துரும்ங்க. தண்ணி?"

"வெள்ளிக்கிழமை வரைக்கும் வராது."

அந்த உத்தரவை யார் கொடுத்தார்கள் என்று சோணைமுத்து கேட்கவில்லை. வரத்துக்கால் மூட்டைகளும் அப்படியே இருந்தன. திறக்க அனுமதி இருந்தது, திறக்கத்தான் ஆள் இல்லை.

வெள்ளிக்கிழமை சம்பந்திகள் வந்தார்கள். லட்சுமிகாந்தமும் குடும்பத்தோடு வந்தார். கரை கொள்ளாத கூட்டம். மேற்கே மேகம் மலைபோல் ஏறி நின்றதால் இனிமேல் முடியாது என்று சோணைமுத்து எஞ்சினைக் கிளப்பிவிட்டான். புறப்படும்முன் மாடத்தியைத் தேடிப் போய், தூக்குச்சட்டியைக் கையில் கொடுத்தான். "அம்மாட்டச் சொல்லிருங்க தம்பி. அவுக திட்டத்தான செய்வாக" என்றாள் அவள். சரி என்று தலையாட்டினான். சமன் செய்திருந்த தரையில் விமானம் புழுதியைக் கிளப்பிக்கொண்டு ஓடி, கரை விளிம்பைத் தொட்டும் தொடாமலும் எழுந்தது. ஊருக்கு மேலே ஒரு வட்டம் அடித்து, மிச்சமிருந்த நோட்டீஸையெல்லாம் கொட்டியது. எல்லோரும் கையை நீட்டிக்கொண்டு அண்ணாந்து பார்த்தார்கள். துணைத் தாசில்தாரும் தாவி ஒரு நோட்டீஸைப் பிடித்தார்.

மேற்கே அதற்கு முன்பே மழை கொட்டியிருந்தது. வரத்துக்காலில் வெள்ளம் சத்தமில்லாமல் வந்தது. மணல் மூட்டைகளில் வந்து முட்டியது. சிறிது நேரம் அங்கேயே சுற்றிப் பார்த்தது. பிறகு பக்கத்து ஓடையில் திரும்பி, கீழப்புதூர் கண்மாய்க்குப் போயிற்று. முதலில் பார்த்தவர் சம்பந்திதான். அவர் சொல்லி, பெத்தணன் ஓடி, ஊரே ஓடி மூட்டைகளைப் பிடுங்கிப் போட்டபோது முழங்கால் அளவுத் தண்ணீர்தான் மிச்சம் இருந்தது. அந்த வருஷம் நொச்சிஓடையில் பாதி வயல் தரிசு.

துணைத் தாசில்தாரைத் திட்டலாம் என்று ஊர் கூடியது. அவர் திறக்கச் சொல்லி ஆள் அனுப்பியது எல்லோருக்கும் நினைவு வரவே, வந்த வழியே கலைந்தது.

தைப் பொங்கலுக்கு மறுநாள் கீழப்புதூர்க்காரர்கள் புது நெல்லும் வெற்றிலை பாக்கும் தட்டில் வைத்துக்கொண்டு பெத்தணன் வீட்டுக்கு வந்தார்கள். கடைமடை வரை விளைச்சலாம். மரியாதையாக உட்கார்ந்து, வெற்றிலை போட்டு முடித்த பிறகு, அவர்களில் மூத்தவர் மெதுவாகக் கேட்டார்:

"அடுத்த வருசமும் இங்கன விமானம் இறங்குமா?"