பதினொண்டுக்குக் காப்புக் கட்டிய கதை

மட்டக்களப்பு வாவியின் இந்தக் கரையில் எங்கள் மிஸியிடம் பெயில் ஆகாத வீடு ஒன்று இருந்தால் காட்டுங்கள், அந்த வாசலில் நான் கற்பூரம் கொளுத்துகிறேன். மாடி வீடு பெயில். மாபிள் பதித்த வீடு பெயில். வங்கி மனேச்சரின் வீடு இரண்டு தரம் பெயில்.

எங்கள் பக்கத்தில் மிஸி என்றால் தாதி. இவர் தாதியல்ல, மருத்துவிச்சி. இருந்தாலும் குருக்கள்மடத்தில் சின்னவர் பெரியவர் எல்லோருக்கும் மிஸிதான். சொந்தப் பெயர் என்னவென்று அவருடைய பென்சன் புத்தகத்துக்கு மட்டும்தான் தெரியும். உத்தியோக காலம் முழுவதும் சைக்கிளில் வீடு வீடாகப் போய்க் குழந்தைகளை நிறுத்து, அட்டையில் கோடு போட்டு, அடுப்படியை எட்டிப் பார்த்து, கிணற்றுக்கு மூடி இல்லை என்று தாய்மாரை ஏசியவர். பென்சன் எடுத்த பிறகு குழந்தைகளை விட்டுவிட்டு நாய்களைப் பிடித்துக்கொண்டார். அதிலும் சும்மா நாய் அல்ல, ஜேர்மன் ஷெப்பர்ட். நாங்கள் அல்சேஷன் என்போம்.

வெளிநாட்டில் பிள்ளைகள் உள்ளவர்கள் மதில் கட்டினால், மதிலுக்குப் பொருத்தமாக ஒரு அல்சேஷனும் வாங்குவார்கள். பிறகு அவர்களுக்கும் விசா வந்துவிடும். வீட்டுக்கு ஆள் பார்ப்பார்கள், தளபாடத்துக்கு ஆள் பார்ப்பார்கள். நாய்க்கு ஒருவரும் பார்ப்பதில்லை. அது விலா எலும்பு தெரிய றோட்டில் திரியும்போது யாராவது மிஸிக்குப் போன் எடுப்பார்கள். மிஸி ஒரு ஓட்டோ பிடித்துப் போய், தலைப் பிரசவத்துக்கு வந்த பெண்ணிடம் கதைப்பதுபோலக் கதைத்து ஏற்றிக்கொண்டு வந்துவிடுவார். உண்ணி எடுத்து, வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசி, மிருக வைத்தியரிடம் ஊசி போட்டு, மீன் தலை போட்டுச் சோறு அவித்துக் கொடுத்து, மயிர் மினுங்கியதும் நல்ல வீடு தேடத் தொடங்குவார். அங்கேதான் ஊருக்குச் சோதனை.

நாய் கேட்டு வருகிறவரின் வீட்டுக்கு மிஸி நேரே போவார். பழைய பை, பழைய குடை, கையில் அட்டை. சோற்றுப் பானையைத் திறந்து பார்ப்பார். வேலியை அசைத்துப் பார்ப்பார்.

"வீட்டில எத்தினை பேர்? ஆர் சோறு போடுற? மழைக்கு எங்க படுக்க வைப்பீங்க?"

வங்கி மனேச்சருக்குப் பொறுக்கவில்லை. "மிஸி, நான் நாய்தானே கேட்டன். பொண்ணா கேட்டன்?"

"பொண்ணெண்டா இவ்வளவு பார்க்க மாட்டன் மகனே. அவள் வாயத் தெறந்து கேப்பாள்."

பெயில்.

என்னுடைய நிலைமையையும் சொல்லவேண்டும். நான் எட்டாம் வகுப்போடு நின்று, றோட்டோரம் ஒரு பலசரக்குக் கடை வைத்திருக்கிறவன். வெள்ளிக்கிழமை தவறாமல் வைரவருக்கு வடைமாலை சாத்துகிறேன். ஆனால் வைரவருடைய வாகனம் எதிரே வந்தால் எனக்குக் கால் ஓடாது. ஓடினால் நிற்காது. மிஸி இதை ஊர் முழுக்கச் சொல்லிவிட்டார்.

"ஏறி வாறவருக்கு வடைமாலை. ஏத்தி வாறதக் கண்டா ஓட்டம். என்ன பக்தி தம்பி இது?"

இப்படிப்பட்ட என் கடைக்குத்தான் மாதத்தில் ஒருநாள் நாய்களை நிறுக்கக் கொண்டுவருவார். குட்டிகளை அவர் குழந்தை நிறுக்கும் பழைய தராசிலேயே, முந்திரிகை மரத்தில் தொங்கவிட்டு நிறுத்துவிடுவார். வளர்ந்தவை அதில் அடங்காது. என் கடையின் அரிசி மூட்டைத் தராசுதான் வேண்டும். நாய் தராசில் ஏறும்போது நான் மூட்டைகளின் மேல் ஏறிவிடுவேன்.

"தம்பி, இறங்கி வந்து முள்ளப் பாருங்க."

"இங்கயிருந்தே தெரியுது மிஸி."

"எவ்வளவு?"

"நல்ல நிறை மிஸி! சரியான நிறை!"

ஒருநாள் வாவி இறால் கொண்டுவந்த பொடியன் ஒருவன் வாசலில் நின்று கேட்டான்: "முதலாளி, கிலோ என்ன விலை?"

மிஸி திரும்பியும் பார்க்கவில்லை. "உன்னையும் நான்தான்டா நிறுத்தன். ரெண்டே கால் கிலோ. இப்ப வாய் மட்டும் அவ்வளவு இரிக்கி."

நாய்களுக்கு மிஸி பெயர் வைப்பதில்லை. பெயர் வைக்கிறது வீட்டாருடைய உரிமை. ஆஸ்பத்திரியில் கட்டிலுக்கு நம்பர் இருப்பதுபோல இங்கும் நம்பர்தான் என்பார். இன்னொரு சட்டமும் இருந்தது. பிரசவம் பார்க்கிறவள் பிள்ளையைத் தன் வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது. வந்ததெல்லாம் போகவேண்டும். பெயிலான வீடுகள் குறை திருத்திப் பாஸாக, ஒன்று முதல் பத்து வரை அப்படியே போயின. போனவற்றையும் விட்டுவிடமாட்டார். பஸ் ஏறிப் போய்ப் பார்த்து, அட்டையில் எழுதி, வீட்டாரை ஏசிவிட்டு வருவார்.

பிறகு பதினொண்டு வந்தது.

அது பெண் நாய், முகத்தில் நரை விழுந்திருந்தது. வீட்டார் வெளிநாடு போய்விட, பூட்டிய கேற்றுக்கு முன்னால் கிடந்ததாம். எந்த வாகனம் வந்தாலும் எழும்பி நின்று பார்க்குமாம், போனதும் படுக்குமாம். மிஸி கூப்பிட்டு வரவில்லை. ஐந்து நாள் அந்தக் கேற்றடியில் சோற்றுக் கிண்ணத்தோடு குடை பிடித்துக்கொண்டு இருந்துதான் கூட்டிவந்தார். அதற்குப் பிறகு மிஸி குசினிக்குப் போனால் அது குசினிக்கு, கிணற்றடிக்குப் போனால் கிணற்றடிக்கு. மிஸி வேதக்காரர், மெதடிஸ்த சபை. பின்னேரம் பைபிள் வாசிக்கும்போது பதினொண்டு அவருடைய காலில் தாடையை வைத்துக்கொண்டு முழு அதிகாரத்தையும் கேட்கும். எங்கள் கோயிலில் பிரசங்கம் கேட்கிற ஆட்கள் அதில் பாதிப் பொறுமையோடு இருந்தால் காணும்.

அதற்கு வீடு பார்க்கத் தொடங்கிய பிறகுதான் மிஸிக்கு உண்மையிலேயே பைத்தியம் பிடித்தது. ஒரு வீட்டில் சேவல் அதிகம் கத்துகிறது, பெயில். ஒரு வீட்டுக்காரருக்கு இருமல், பெயில். கரடியனாற்றில் ஒரு வயல்காரர் கும்பிட்டுக் கேட்டார். அங்கே யானை வரும், பெயில். "யானை என்ர தப்பா மிஸி?" என்று அவர் அழாத குறை.

நான் கடையிலிருந்து கேட்டேன். "இவ்வளவு கஷ்டம் என்னத்துக்கு மிஸி? பதினொண்டை நீங்களே வெச்சிரிங்களன்."

அவர் அரிசியைக் கையில் எடுத்துப் பார்த்துக்கொண்டே சொன்னார். "எனக்கு எழுவது தாண்டிட்டு தம்பி. முழங்காலும் சரியில்ல. நான் கண்ண மூடினா அது திரும்பவும் பூட்டின வாசல்ல நிக்கும். ஒரு தரம் நிண்டது காணும்."

நான் அரிசியை நிறுத்துக் கட்டிக் கொடுத்தேன்.

வைகாசி மாதம் செங்கலடியிலிருந்து ஒரு பள்ளிக்கூட மாஸ்டர் வந்து கேட்டார். மிஸி போய்ப் பார்த்துவிட்டு வந்து கடை வாங்கில் உட்கார்ந்தார். முகம் செத்த வீட்டுக்குப் போய்வந்த முகம்.

"என்ன மிஸி, மதில் உயரம் காணாதா?"

"காணும்."

"சோறு?"

"மனிசி காகத்துக்கு வெச்சிட்டுத்தான் சாப்பிடுறா. ரெண்டு பொம்பிளைப் புள்ளைகள், நாய் படுக்கச் சாக்குத் தெச்சி வெச்சிரிக்குதுகள்." பெருமூச்சு விட்டார். "ஒரு குறையும் இல்ல தம்பி. ஒண்டுமே இல்ல."

வாழ்க்கையில் முதல் தரம் ஒரு வீடு முழுப் புள்ளியோடு பாஸ்.

மாஸ்டர் வான் பிடித்துக்கொண்டு வந்த நாள், எங்கள் கண்ணகை அம்மன் கோயில் கதவு திறந்த மறுநாள். எட்டாம் நாள் அம்மனைக் குளிர்விக்கிற குளிர்த்திச் சடங்கு. நோன்புக்கு மஞ்சள் நூல் காப்புக் கட்டியவர்கள் அதுவரைக்கும் மரக்கறி மட்டும் சாப்பிட்டு, ஊர் எல்லையைத் தாண்டாமல் இருப்பார்கள். அது எங்கள் ஊரில் எழுதாத சட்டம். நான் கடைக் கதவைப் பாதி சாத்திவிட்டு, மிஸி வீட்டுக் கேற்றுக்கு வெளியே, பாதுகாப்பான தூரத்தில் நின்றேன். மாஸ்டர் வானைத் திறந்தார். மிஸி பதினொண்டைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்தார். அதன் கழுத்தில் மஞ்சள் நூல்.

"மாஸ்டர், இன்டைக்கு ஏலாது. புள்ளைக்குக் காப்புக் கட்டியாச்சி. எல்லை தாண்டக் கூடாது."

மாஸ்டர் திகைத்துப் போனார். "நீங்க சேர்ச்சுக்குப் போற ஆளல்லவா மிஸி?"

"நான் போறன். அது போறல்லையே. நாப்பது வருசம் இந்த ஊர்ல வேலை செஞ்சனான். குளிர்த்திக் கிழமை காப்புக் கட்டின ஒரு தாயும் எல்லை தாண்டிக் கிளினிக்குக்கு வந்ததில்ல. எனக்குத் தெரியாதா?"

மாஸ்டர் பக்திமான். வாதாடவில்லை. என் நெற்றித் திருநீற்றைப் பார்த்து என்னிடம் வந்தார். "ஐயா, நீங்க கோயில் ஆள். சொல்லுங்க. இது அம்மன்ட காப்பா?"

எட்டிப் பார்த்தேன். நூலின் ஈரம் இன்னும் காயவில்லை. மஞ்சள் நாயின் கழுத்து மயிரில் ஒட்டியிருந்தது, மிஸியின் விரல்களிலும் ஒட்டியிருந்தது. முடிச்சைப் பார்த்தேன். கோயில் முடிச்சு அல்ல. இரண்டு இறுக்க முடிச்சு, நடுவில் ஒரு விரல் இடைவெளி. அது தொப்புள்கொடிக்குக் கட்டுகிற முடிச்சு. என் பிள்ளைகள் இருவரும் பிறந்த அன்று அவர்கள் வயிற்றில் அதைப் பார்த்திருக்கிறேன்.

அம்மன் விஷயத்தில் நான் பொய் சொன்னதில்லை. மிஸியைப் பார்த்தேன். ஊரையெல்லாம் ஏசிய வாய் இறுக மூடியிருந்தது. கண் மட்டும் என்னைக் கெஞ்சியது. அந்தக் கண் கெஞ்சி நான் பார்த்ததே இல்லை.

"மாஸ்டர், காப்பு இன்னும் கட்டி முடியல்ல. மிச்சத்த எடுத்திட்டு வாறன். நீங்க ஒரு தேத்தண்ணி குடிங்க."

சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு சைக்கிளில் பறந்தேன். கோயிலில் பூசை செய்கிற கட்டாடியார் பூக்கட்டிக்கொண்டிருந்தார்.

"ஐயா, ஒரு காப்பு வேணும்."

"உனக்கு நேத்துக் கட்டினனே?"

"எனக்கில்ல. நாய்க்கு."

கட்டாடியார் பூவை வைத்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். நான் மிஸியையும் பதினொண்டையும் மஞ்சளையும் ஒன்றும் விடாமல் சொன்னேன். அவர் கையைக் கழுவினார். பிறகு நூலை எடுத்து அம்மன் காலடியில் வைத்து எடுத்தார். "அம்மன்ட வளவுக்குக் காவல் வைரவர். அவர்ட வாகனமும் வேலைக்கு வாறதுதான முறை? கொண்டு போ. ஆனா நோன்பெண்டா நோன்பு. மீன், மச்சம் குடுத்தீங்களெண்டா தெரியும்."

திரும்பி வந்தபோதுதான் எனக்கு விஷயம் உறைத்தது. கோயில் காப்பைக் கோயில் ஆள்தான் கட்டவேண்டும். அங்கே கோயில் ஆள் நான் ஒருவன்தான்.

வைரவரை நினைத்தேன். இத்தனை வருட வடையையும் அவருக்கு நினைவுபடுத்தினேன். கண்ணை மூடிக்கொண்டு குனிந்து கையை நீட்டினேன். சூடான மூச்சு என் நெற்றியில் பட்டது. ஈரமாக ஏதோ ஒன்று ஒரே இழுப்பில் என் திருநீற்றை முழுவதும் துடைத்து எடுத்தது. நான் கட்டி முடித்துவிட்டேன். எப்படிக் கட்டினேன் என்று கேட்காதீர்கள். மிஸி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார், அல்லது அழுதார். மாஸ்டர் கும்பிட்டுவிட்டு, குளிர்த்தி முடிந்ததும் வருவதாகச் சொல்லிப் போனார்.

அந்த ஏழு நாளும் மிஸி பட்ட பாடு! பதினொண்டுக்கு மச்சம் கூடாது. அது பார்க்கத் தான் மீன் தின்பது சரியில்லை என்று அவரும் மரக்கறி. ஒரு மெதடிஸ்த மிஸி, மீனில்லாமல் சோறு இறங்காத மிஸி, என் கடையில் பருப்பும் தயிருக்குப் பாலும் வாங்கிக்கொண்டு, "உங்கட அம்மன் பொல்லாத ஆள் தம்பி" என்று ஏசிவிட்டுப் போவார். பின்னேரங்களில் இருவரும் வாவிக் கரையில் எல்லைக் கல் வரை நடந்து, அதில் நின்று திரும்பி வருவார்கள். ஒரு அடி கூடத் தாண்டியதில்லை. பார்த்துக்கொண்டிருந்தவன் நான்.

குளிர்த்தி முடிந்த மறுநாள் காலை வான் வந்தது. இனி மிஸி என்ன செய்வாரோ என்று நான் பயந்தேன். அவர் ஒன்றும் செய்யவில்லை. தன் பழைய பையிலிருந்து கத்தரிக்கோலை எடுத்து இரண்டு நூல்களையும் வெட்டினார். அட்டையை மாஸ்டரின் மனைவியிடம் கொடுத்தார். இடி இடித்தால் காதைப் பொத்திவிட வேண்டும், தனியே விட்டு வாசலைப் பூட்டக் கூடாது என்றார். அந்த இரண்டாவதை மூன்று தரம் சொன்னார். பதினொண்டு வானில் ஏறிக் கண்ணாடியால் பார்த்தது. சின்ன மகள் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். வான் போய்விட்டது.

"பார்த்தீங்களா தம்பி, அழல்ல. நல்ல புள்ள," என்றார் மிஸி, மூக்கைத் துடைத்துக்கொண்டு.

அதோடு அவர் காணும், போதும் என்று சொல்லிவிட்டார். இனிமேல் நாய் இல்லை, முழங்கால் விடுகுதில்லை. போன் வந்தால் எடுப்பதில்லை. செங்கலடிக்கு மட்டும் பஸ் ஏறிப் போய்வருவார். மற்ற நேரமெல்லாம் அந்த வளவு சத்தமில்லாமல் கிடந்தது. நாய் குரைத்தால் நடுங்குகிற நான், குரைக்காத அந்த வாசலைக் கடக்க மாட்டாமல் மற்றப் பக்கத்தால் சைக்கிள் விட்டேன். ஒரு கிழமை பொறுத்தேன். பிறகு போய்க் கேட்டேன்.

"மிஸி, எங்கட வீட்டையும் ஒருக்கா வந்து பாருங்களன். ஒரு நாய் வளர்ப்பம் எண்டு இரிக்கி."

அவர் என்னை உச்சி முதல் உள்ளங்கால் வரை பார்த்தார். "நீங்க? நாயா?"

"ஓம் மிஸி."

மறுநாளே குடையும் அட்டையுமாக வந்துவிட்டார். என் மனைவியின் சோற்றுப் பானையைத் திறந்தார். வேலியை ஆட்டினார். பெயில். சொன்னதைத் திருத்தினேன். அடுத்த செவ்வாய் வந்தார், கிணற்றுக் கட்டு உயரம் காணாது, பெயில். அதற்கடுத்த செவ்வாய் வரும்போது, தள்ளிவந்த சைக்கிளின் கூடையில் ஒரு குட்டி இருந்தது. பன்னிரண்டாம் நம்பராம். யாரோ போன் எடுத்தார்களாம், மனம் கேட்கவில்லையாம்.

இப்போது எங்கள் வீட்டில் ஒரே ஒரு குறைதான் மிச்சம். கேற்றுக்குக் கீழே நாலு விரல் இடைவெளி. ஒரு பலகைத் துண்டு அடித்தால் பாஸ். பலகையும் ஆணியும் கடைக்குள்ளேயே இருக்கின்றன. மனைவி தினமும் கேட்கிறாள், ஏன் அடிக்கவில்லை என்று. அடிக்கலாம்தான். ஆனால் பாஸ் ஆகிவிட்டால் செவ்வாய்க்கிழமைகளில் எங்களை வந்து ஏசுவதற்கு மிஸிக்கு என்ன காரணம் இருக்கப்போகிறது?